முதல் மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா, எத்தனை கஜம்?

கேள்வி: ஐயா, எனக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். நான்கு வருடமாக அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். தங்கை கல்யாணத்துக்காக மூன்று வாரம் ஊருக்கு வந்திருக்கிறேன். நவம்பரில் மான் வேட்டைக்கு வரும்படி அலுவலக நண்பர் கூப்பிட்டிருக்கிறார். தன்னிடம் இருக்கும் பழைய .30-30 ரைபிளைத் தருவதாகவும் சொல்கிறார். கடைக்காரரோ, ".300 வின்செஸ்டர் மேக்னம் வாங்குங்கள், 400 கஜத்திலும் மான் விழும்" என்கிறார். வீடியோவில் எல்லோரும் 6.5 கிரீட்மூர் என்கிறார்கள். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. என் தாத்தா அந்தக் காலத்தில் கோடியக்கரைப் பக்கம் இரட்டைக் குழல் துப்பாக்கியால் 300 கஜத்தில் மான் சுட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் மானை எவ்வளவு தூரத்தில் சுடுகிறார்கள்? எந்தத் தோட்டா சரி? ஊரில் இருக்கும்போதே ஏதாவது பழகிக்கொள்ள முடியுமா?

பதில்: தம்பி, முதலில் தாத்தாவின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். இரட்டைக் குழல் என்றால் நம் பக்கத்தில் பெரும்பாலும் பன்னிரண்டு போர் (12-bore) என்கிற சிதறுகுண்டுத் துப்பாக்கிதான், ரைபிள் இல்லை. மானுக்கு அதில் எல்.ஜி. தோட்டா போடுவார்கள். கொண்டைக்கடலை அளவில் சில ஈயக் குண்டுகள் உள்ளே இருக்கும். 40 கஜம் தாண்டினால் அவை ஆளுக்கொரு பக்கம் போய்விடும். 300 கஜம் என்பது திண்ணையில் வளர்ந்த தூரம். நிஜத்தில் 30 கஜமாக இருந்திருக்கும், சொல்லச் சொல்ல ஒரு சைபர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் தாத்தாவுக்குக் குறைவு ஒன்றுமில்லை. வெட்டவெளியில் மேயும் வெளிமானை 30 கஜம் வரை நெருங்கத் தெரிந்தவர் சாமானிய ஆள் இல்லை.

அது 1972க்கு முந்தைய காலம். அந்த வருடம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோடியக்கரை அதற்கு முன்பே, 1967லேயே சரணாலயம் ஆகிவிட்டது. இன்றைக்கு இந்த மண்ணில் வெளிமானோ புள்ளிமானோ, சுட்டால் சிறைதான். நான் இனிமேல் எழுதுவதெல்லாம் உரிமம் வாங்கி வேட்டையாட முடிகிற உங்கள் விஸ்கான்சினுக்கு. இங்கே படிக்கிற வேறு தம்பிகள் இதைத் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏர் கன்னைத் தூக்கிக்கொண்டு வயலில் மடையானும் கொக்கும் அடிப்பதும் அதே சட்டத்தில் குற்றம்தான்.

தோட்டாவைப் பற்றிப் பேசும் முன் இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்த வார்த்தை எச்-1பி. அமெரிக்க மத்திய சட்டப்படி, இப்படித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கக் கூடாது. அதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் உங்களுக்குப் பொருந்துவது, அங்கே முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. ஆகவே உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு. "சும்மா ஒரு நாள் ரேஞ்சுக்கு வாடா, ரெண்டு ரவுண்டு சுட்டுப் பாரு" என்று நண்பர் கூப்பிட்டாலும் உரிமம் வாங்கிய பிறகே போங்கள். இரவலாகத் தொடுவதும் கையில் வைத்திருப்பதுதான். இதில் மாட்டினால் விசாவே போய்விடக்கூடும். விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் உரிமம் வாங்க, பொதுவாக வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும். அந்த வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். நான் பட்டாளத்தில் ஆயுதப் பயிற்சி ஆசிரியராக இருந்தவன். மகள் டெக்சஸில் இருப்பதால் அங்கே போனபோது இரண்டு சீசன் மருமகனோடு காட்டுக்கும் போயிருக்கிறேன். அப்படிப் போகும் முன் சின்னப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பாடத்தை நானும் படித்தேன். கௌரவக் குறைவாகத் தெரியவில்லை.

சரி, தூரம். நம் ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு வேலி நிலம் 6 ஏக்கர் 67 சென்ட். அது சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 180 கஜம். உங்கள் வீட்டு நிலத்தில் அப்படி ஒரு துண்டு இருந்தால் இந்த வரப்பில் நின்றுகொண்டு எதிர் வரப்பில் மேயும் ஆட்டைப் பாருங்கள். விஸ்கான்சின் வடக்குக் காடுகளில் மானைச் சுடும் தூரம் இதில் பாதிகூட இருக்காது. மரங்கள் விடாது. 30லிருந்து 80 கஜத்துக்குள் ஒரு சந்து கிடைக்கும், அதில் மான் நான்கு விநாடி நிற்கும், அவ்வளவுதான். தெற்கே சோளக் காட்டோரங்களில் 100, 150 என்று நீளும், சில இடங்களில் 200. டெக்சஸில் நான் உட்கார்ந்த மறைவிடத்திலிருந்து மக்காச்சோளம் தூவும் பீப்பாய் சரியாக 90 கஜம். அங்கே தூரத்தை மான் தீர்மானிப்பதில்லை, பீப்பாயை நட்டவர் தீர்மானிக்கிறார். 300, 400 என்பதெல்லாம் மேற்கு மாநிலங்களின் வெட்டவெளிக்கு, அதுவும் வருடக்கணக்கில் சுட்டுப் பழகியவர்களுக்கு.

கடைக்காரர் 400 கஜம் என்றாரே, அங்கேதான் கோளாறு. மான் அந்தத் தூரத்தில் விழுமா என்பது தோட்டாவின் சங்கதி. நீங்கள் அந்தத் தூரத்தில் மானை அடிப்பீர்களா என்பது வேறு சங்கதி. மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 8 அங்குல வட்டம். கையை விரித்தால் ஒரு சாண். அந்தச் சாணுக்குள் குண்டு போனால் மான் சீக்கிரம் செத்துவிடும். நான்கு விரல்கடை பின்னால் போனால் குடலில் பட்டு, ராத்திரி முழுக்கப் புதருக்குள் கிடந்து சாகும். அதனால் எத்தனை கஜம் என்ற கேள்விக்குப் பதிலை ரேஞ்சில் நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். மேஜையில் மணல் மூட்டை வைத்து இல்லை. தரையில் உட்கார்ந்து, முழங்கால்மேல் முழங்கையை ஊன்றி ஐந்து ரவுண்டு சுடுங்கள். ஐந்தும் ஒரு சாண் தட்டில் விழுகிற தூரம் எதுவோ அதுதான் உங்கள் தூரம். நாலு விழுந்து ஒன்று தவறினால் 25 கஜம் முன்னால் வாருங்கள். புதிதாகச் சுடுகிறவருக்குப் பெரும்பாலும் அது 100க்கு உள்ளேயே நிற்கும். உங்கள் காட்டுக்கு அது தாராளம்.

இனி தோட்டா. பெயரின் முதலில் வரும் எண் ஏறக்குறைய குண்டின் பருமன், அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ; அதைத்தான் காலிபர் என்பார்கள். நண்பர் தருகிற .30-30 வின்செஸ்டர் 1895ல் வந்தது. பாட்டன் காலத்துச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள், அந்தக் காடுகளுக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி. 150 கிரெய்ன் குண்டு, அதாவது 9.7 கிராம், நம் கணக்கில் ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. குழலை விட்டுப் போகும்போது விநாடிக்கு 2,390 அடி வேகம். மானுக்கு 1,000 அடி-பவுண்டு சக்தி வேண்டும் என்று வேட்டைக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. அது வேதவாக்கு இல்லை, ஆனால் தோராயத்துக்கு உதவும். இந்தத் தோட்டா 150 கஜம் வரை அதற்குக் குறையாமல் போகிறது. 100 கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால் 200ல் சுமார் 8 அங்குலம், ஒரு சாண் முழுக்கக் கீழே இறங்கிவிடும். எனவே 150க்குமேல் இதை நீட்டாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை. அந்த ரைபிளில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்னால் இருப்பதன் அடிப்பாகத்தில் பின்னால் இருப்பதன் மூக்கு இடிக்கும். அதனால்தான் தட்டை மூக்குக் குண்டு போடுகிறார்கள். கூர்மூக்குக் குண்டு போட்டால் உள்ளேயே வெடிக்கும் ஆபத்து உண்டு. இந்த மாதிரி ரைபிளுக்கென்றே மெத்தென்ற முனை வைத்துச் செய்த தோட்டாக்கள் வருகின்றன, அவை பரவாயில்லை.

பின்னாளில் சொந்தமாக வாங்குவதானால் நான் சொல்வது .243 வின்செஸ்டர், 7எம்.எம்.-08 ரெமிங்டன், .308 வின்செஸ்டர், இந்த மூன்றில் ஒன்று. .308 எனக்குப் பழைய சிநேகிதம். 1952ல் வேட்டைக்கு என்று கடைக்கு வந்தது. பட்டாளத்தில் நாங்கள் தோளில் சுமந்த எஸ்.எல்.ஆர். ரைபிளின் 7.62 தோட்டா இதன் கூடப்பிறந்தது என்றே சொல்லலாம். 150 கிரெய்ன் குண்டுக்கு 2,820 அடி வேகம். 100 கஜத்தில் குறி வைத்தால் 200ல் 4 அங்குலம்தான் இறங்கும், 300ல் ஓரடிக்குமேல். அதே .308 தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துக் கழுத்தை நெருக்கிச் சின்னக் குண்டு பொருத்தினால் .243. இது 1955ல் வந்தது. 100 கிரெய்ன் குண்டு, ஒரு பவுனுக்கும் குறைவு. தோளில் உதைப்பது .308ஐவிட நன்றாகக் குறையும். புதியவருக்கு இதுதான் என் முதல் சொல். நான் டெக்சஸில் 85 கஜத்தில் சுட்ட பெண்மான் இதில்தான் விழுந்தது. 40 கஜம் ஓடி ஒரு கருவேல மரத்தடியில் படுத்துவிட்டது. 7எம்.எம்.-08 இரண்டுக்கும் நடுவில் உட்காரும்.

6.5 கிரீட்மூர் 2007ல் வந்தது. நல்ல தோட்டா, உதையும் கம்மி. தூரத்து இலக்குப் போட்டிக்காகப் பிறந்தது. 600, 800 கஜத்தில் காற்றைச் சமாளிப்பதில் .308ஐத் தோற்கடிக்கும். 80 கஜத்தில் நிற்கிற மானுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கடையில் அதுதான் கிடைக்கிறது என்றால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. வீடியோவில் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் வேண்டாம்.

மேக்னம் கதைக்கு வருகிறேன். மருமகனின் சிநேகிதர் ஒருவர் ரேஞ்சில் .300 மேக்னத்தை என் கையில் கொடுத்தார். எத்தனை ஆயிரம் ரவுண்டு சுட்டவன் நான் என்ற மிதப்பு. ரைபிள்மேல் இருக்கும் ஸ்கோப்புக்கும், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக்கும், கண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்கவில்லை. துப்பாக்கியின் குதிரையை இழுத்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது மூக்கோரமாக இறங்கிய சூடு. ஸ்கோப்பின் வளையம் புருவத்தைப் பிறை மாதிரி வெட்டியிருந்தது. மருமகன் கைக்குட்டையை நீட்டினார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. தழும்பு இன்னும் இருக்கிறது. அதைவிட மோசம் அடுத்த நாள் நடந்தது. சாதுவான .243ஐ எடுத்தாலும் குதிரையில் விரல் படும்போதே கண் தானாக மூடியது, தோள் முன்னால் பாய்ந்தது. குண்டு தட்டுக்கு ஒரு முழம் கீழே. உதைக்குப் பயந்த உடம்பை மறுபடி சமாதானப்படுத்த மூன்று நாள், ஒரு பெட்டித் தோட்டா செலவு. .300 மேக்னம் தோளில் கொடுக்கிற இடி .243ஐப்போல இரண்டு மடங்குக்கும் மேல். துப்பாக்கியே தொடாத ஆளுக்கு அதைத் தலையில் கட்டுவது, சைக்கிள் பழக வந்தவனைப் புல்லட்டில் ஏற்றிவிடுவது போல.

காலிபரைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் குண்டைப் பற்றி ஒரு வரி பேசுவதில்லை. அதுதான் உண்மையில் வேலை செய்வது. பட்டாளத்துக் குண்டு முழுக்க உறை போட்டது. புகுந்த வேகத்தில் மறுபக்கம் பென்சில் ஓட்டை மாதிரி போய்விடும், மான் காயத்தோடு மைல் கணக்கில் ஓடும். பல மாநிலங்களில் மானுக்கு அதைத் தடையே செய்திருக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது உள்ளே போனதும் காளான் போல விரிகிற மென்முனைக் குண்டு. பெட்டியிலேயே மான் படம் போட்டிருக்கும். முழுச் செம்பில் செய்ததும் உண்டு. ஈயத் துணுக்கு இறைச்சியில் கலக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் அதை வாங்குகிறார்கள். வீட்டில் குழந்தைகளுக்கும் அதே கறிதான் என்றால் நானும் அதைத்தான் வாங்குவேன். .223, அதாவது நம் இன்சாஸ் ரைபிளின் 5.56ஐ ஒத்தது, சில மாநிலங்களில் மானுக்குச் செல்லும், கொலராடோவில் .24 அங்குலத்துக்குக் குறைந்த காலிபரே கூடாது. சட்டம் விட்டாலும் முதல் மானுக்கு அது வேண்டாம்.

மான் பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுங்கள். முன்னங்காலின் பின்விளிம்போடு பார்வையை மேலே ஏற்றி, உடம்பு உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். நேருக்கு நேர் பார்த்து நின்றாலோ, பின்பக்கம் காட்டினாலோ, ஓடினாலோ விட்டுவிடுங்கள். மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மண்மேடு இருந்தால் சரி. வானம் தெரிந்தால் விரலை எடுங்கள். ரைபிள் குண்டு தடையில்லாமல் போனால் மூன்று மைல்கூடப் போகக்கூடியது. நம் கணக்கில் மன்னார்குடியில் சுட்டால் அடுத்த ஊரையும் தாண்டி விழும்.

சுட்டவுடன் ஓடிப் போய்ப் பார்க்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அரை மணி நேரம் அப்படியே உட்காருங்கள். நுரையீரலில் பட்ட மானும் 50, 100 கஜம் ஓடித்தான் விழும். துரத்தினால் இன்னும் ஓடும். மான் நின்ற இடத்தை ஒரு மரத்தை அடையாளம் வைத்து நினைவில் வையுங்கள். பிறகு போய் ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பில் நுரையோடு இருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கறுஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம், இன்னும் சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் குடல். திரும்பி வந்து பல மணி நேரம் கழித்து நண்பரோடு போங்கள். கறி வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. விஸ்கான்சின் மான்களில் 2002லிருந்து ஒரு மூளை நோய் பரவியிருக்கிறது. அது இருக்கும் பகுதியில் சுட்ட மானைச் சோதனைக்குக் கொடுத்து, இல்லை என்று தெரிந்த பிறகு சமையுங்கள்.

குளிரைப் பற்றிச் சொல்ல மறந்தேனே. அங்கே துப்பாக்கி சீசன் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். விடியலில் மரத்தில் கட்டிய பரண்மேல் அசையாமல் உட்கார வேண்டும். நான்கு வருடம் அங்கே இருந்திருக்கிறீர்கள், ஆனால் காருக்கும் கட்டடத்துக்கும் நடுவில் படுகிற குளிர் வேறு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து வாங்குகிற குளிர் வேறு. நடுங்குகிற கைக்கு 50 கஜமும் தூரம்தான். பரணில் ஏறும் முன்பே உடம்பு முழுவதையும் தாங்குகிற பாதுகாப்பு வாரை மாட்டிக்கொள்ளுங்கள், துப்பாக்கியைக் காலி செய்து கயிற்றில் கட்டி மேலே இழுங்கள். இடுப்புக்குமேல் உடையில் பாதிக்காவது பளீர் ஆரஞ்சு நிறமோ, பளீர் இளஞ்சிவப்போ இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

ஊரில் இருக்கும்போது பழக முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், துப்பாக்கியே வேண்டாம். மழை பிடிக்கும் முன் தினமும் சாயங்காலம் வரப்பில் நடங்கள். தூரத்தில் ஒரு போர்செட்டையோ பனையையோ பார்த்து எத்தனை கஜம் என்று மனதில் சொல்லிவிட்டு, அடி எண்ணிக்கொண்டே போய்ச் சரிபாருங்கள். பட்டாளத்தில் ரைபிளைக் கையில் கொடுக்கும் முன்பே எங்களை இப்படித்தான் நடக்க வைத்தார்கள். திறந்த வயலில் எல்லாம் கிட்டே இருப்பதுபோல் ஏமாற்றும்; தோப்புக்குள், மங்கிய வெளிச்சத்தில் எட்டி இருப்பதுபோல் தெரியும். நீங்கள் போகப்போவது தோப்பு மாதிரி இடம், எனவே தென்னந்தோப்பிலும் நடந்து பாருங்கள். அப்புறம் ஒரு டிபன் தட்டை வைக்கோல் போரில் சாத்திவிட்டு, 50 அடியில் தரையில் உட்கார்ந்து, துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, கட்டையின் நுனி தட்டைவிட்டு அசையாமல் பத்து விநாடி பிடியுங்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் சிரிப்பார்கள். தங்கையின் மாமனார் யாரென்று விசாரிக்கவும் கூடும். பத்து நாள் செய்தால் முழங்கை எங்கே ஊன்ற வேண்டும் என்று முழங்காலே சொல்லும்.

கடைக்காரருக்கு இந்த வருடம் வேலை வைக்காதீர்கள். திரும்பிப் போனதும் வகுப்பு, உரிமம், அதன்பிறகு நண்பரின் .30-30ஐ வாங்கிக்கொண்டு ரேஞ்சில் இரண்டு பெட்டித் தோட்டா சுட்டுப் பாருங்கள். எத்தனை கஜத்தில் ஐந்தும் சாணுக்குள் விழுந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.